விழத் தெரிந்தவன்

ஐரோப்பாவில் ஆர்ல்ஹோவன் என்ற ஊரில், கால்வாய்க்கும் மாதா கோயிலுக்கும் நடுவே இருக்கிற சந்தைச் சதுக்கத்தில், முந்நூறு வருஷமாக விறைத்துக்கொண்டு நின்ற ஒரு வெண்கல மனிதர் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இடுப்பை வளைத்துக் குனிந்து, நம்மூர்ப் பையன் ஒருவனின் தலையில் கைவைத்தார். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அந்தப் பையன் விழுந்த அழகைப் பார்த்திருந்தால் நீங்களும் குனிந்து கைவைத்திருப்பீர்கள்.

பையனின் பெயர் மௌலீஸ்வரன். காங்கேயம் பக்கத்தில் தாளாளர் டாக்டர் சென்னியப்பன் நடத்துகிற கலை அறிவியல் கல்லூரியில் மூன்றாம் வருஷம் வரலாறு படித்துக்கொண்டிருந்தான். டாக்டர் என்றதும் ஊசி போடுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள்; கடலுக்கு நடுவே எங்கோ இருக்கிற ஒரு பல்கலைக்கழகம் தபாலில் அனுப்பிய பட்டம் அது. அந்தக் கல்லூரியில் ஆண்டு விழாவோ, விளையாட்டு விழாவோ, புதுப் பேருந்துக்குப் பூசையோ, கழிப்பறைத் திறப்போ, எதுவானாலும் குத்துவிளக்கு ஏற்றியதும் அடுத்த நிகழ்ச்சி ஒரு மாணவன் மேடைக்கு வந்து தாளாளர் காலில் விழுவதுதான். அதைப் பழக்கிக் கொடுப்பதற்கென்றே துணை முதல்வர் சுகுமாரன் இருந்தார், முனைவர் பட்டம் வாங்கியவர், பாவம். செருப்பை மேடைக்குக் கீழேயே விட்டுவிட வேண்டும், தாளாளர் கேமராவைப் பார்க்கிற நேரத்துக்குச் சரியாக முட்டி தரையில் பட வேண்டும், இரண்டு கையும் இரண்டு பாதத்தையும் தொட வேண்டும், தலைமேல் வைத்த கையை அவர் எடுக்கிற வரைக்கும் தலையைத் தூக்கவே கூடாது. ஒருமுறை ஒரு பெண் அவசரப்பட்டு எழுந்துவிட்டாள் என்பதற்காக அவளுக்கு அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் கைவைத்தார்கள். மௌலீஸ்வரன் அப்படியெல்லாம் அவசரப்படுகிறவன் இல்லை. விழுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று கல்லூரியே சொன்னது, அதனால்தான் மற்ற பிள்ளைகளெல்லாம் அப்பன் வீட்டுக் காசில் போன அந்த வெளிநாட்டுக் கல்விப் பயணத்துக்கு, தேங்காய்க் களத்தில் கொப்பரை காயவைக்கிற சாந்தாமணியின் மகன் தாளாளர் தயவில் போனான்.

கல்விப் பயணம் என்பது கல்லூரி வைத்த பெயர். பிள்ளைகள் அந்தப் பழைய நகரத்துக்குப் போய் என்ன கற்றார்கள் என்றால், எந்தக் கடையில் சோறு கிடைக்கும் என்பதையும், எந்த ஜன்னல் பக்கம் நின்றால் படத்தில் முகம் வெளுப்பாக விழும் என்பதையும் கற்றார்கள். மாதா கோயிலின் வண்ணக் கண்ணாடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சிரித்தார்கள், கால்வாய்ப் படகில் ஏறி இறங்குகிற வரை வீட்டுக்கு வீடியோ அழைப்பில் படகைக் காட்டினார்கள், அருங்காட்சியகத்தில் பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து காவலாளியைத் தும்மவைத்தார்கள். அவர்களில் மௌலீஸ்வரன் ஒருவன்தான் கிளம்புமுன் அந்த ஊரைப் பற்றிப் படித்திருந்தான். கப்பல் வரும்போது நடுவில் பிளந்து மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் ஒன்று அங்கே உண்டு, அதன் அடியில் நின்று அது எழுவதைப் பார்க்க வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலிருந்தே ஆசை அவனுக்கு.

பாலத்துக்குப் போகிற வழியில்தான் சதுக்கம் இருந்தது. வழிகாட்டி அந்தச் சிலையைக் காட்டி, இவர் யாகோப் ப்ரெஸ்டர், பெரிய வணிகர், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தையும் அநாதை விடுதியையும் நிறுவியவர் என்றாள். பிறகு, இவருடைய கப்பல்கள் உங்கள் கரையிலிருந்து துணியும் மிளகும் ஏற்றின, மனிதர்களையும் ஏற்றின, அவர்களைத் தீவுகளில் விற்றார்கள், அதனால் எங்கள் இளைஞர்கள் இந்தச் சிலையை அகற்றச் சொல்லிப் போராடினார்கள், அடுத்த மாதம் அகற்றப்போகிறோம் என்றும் சொன்னாள். அந்த இரண்டாவது பாதியை யாரும் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி யாருடைய காதும் காலியாக இல்லை. நிறுவியவர் என்ற சொல் விழுந்ததுமே, பிள்ளைகளைக் கூட்டி வந்திருந்த சுகுமாரன் தன்னையறியாமல் தொண்டையைச் செருமினார், மேடையில் அதுதான் சைகை, மௌலீஸ்வரனின் காலிலிருந்து செருப்பு தானாகக் கழன்றது, முட்டி தரையில் பட்டது, கை இரண்டும் வெண்கலப் பூட்ஸ்களைத் தொட்டன. மூன்று நூற்றாண்டாகப் புறாக்களைத் தவிர யாரும் தன்னை மதித்துக் கிட்டே வந்து பார்த்திராத அந்த வணிகர், கிரீச்சென்று முதுகெலும்பை வளைத்து, வலது கையை இறக்கி, அவன் உச்சந்தலையில் வைத்தார்.

"சார், வெச்சுட்டாருங்க," என்றான் மௌலீஸ்வரன், தரையைப் பார்த்தபடி.

"வெச்சா இரு. எடுக்கற வரைக்கும் அசையாத," என்றார் சுகுமாரன்.

அவர் எடுக்கவில்லை. மதியம் ஆனது, எடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் போய் உருளைக்கிழங்கு வறுவல் தின்றுவிட்டு வந்தார்கள், எடுக்கவில்லை.

அந்த ஊர்க்காரர்கள் பதறுவார்கள், கூட்டம் கூடும், பாதிரியார் ஓடி வருவார் என்றெல்லாம் நீங்கள் எதிர்பார்த்தால், அந்த ஊரை உங்களுக்குத் தெரியாது. சாயங்காலத்துக்குள் நகராட்சி ஆட்கள் வந்து நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள், மறுநாள் மழை படாமல் ஒரு கண்ணாடிக் கூரை போட்டார்கள், அதற்கடுத்த நாள் முட்டிக்கு அடியில் ஒரு மெத்தை வைத்தார்கள், அது தீப்பிடிக்காத மெத்தைதானா என்று சோதிக்க இன்னொரு அதிகாரி வந்தார். இயற்கை உபாதைக்கு என்ன செய்தான் என்று கேட்பவர்களுக்கு: மடக்குத் திரையும் பிளாஸ்டிக் பானையுமாக ஒரு ஏற்பாடு இருந்தது, ஏற்பாடு செய்வதில் அவர்களை அடித்துக்கொள்ள முடியாது. சிலையை அகற்ற இருந்த குழு கூடிப் பேசி, குனிந்து ஆசி வழங்குகிற ஒருவரை அகற்றுவது நாகரிகமாகாது என்று முடிவெடுத்துக் கலைந்தது. அவர் விற்ற மனிதர்களைப் பற்றிச் சொன்ன சின்னப் பலகையையும் கழற்றிவிட்டார்கள், படம் எடுக்கையில் அது குறுக்கே விழுகிறதாம். போராடிய இளைஞர்கள்கூட வந்து பார்த்து, இது மன்னிப்பு, கடந்த காலம் நிகழ்காலத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறது என்று கண்கலங்கி, ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு போனார்கள். முட்டி போட்டிருப்பவன் யார், நிற்பவர் யார் என்பதைக் கவனிக்கிற அளவுக்கு அவர்களுக்குப் பொழுதில்லை.

பிறகு நினைவுச்சின்னங்களைப் பராமரிக்கிற பொறியாளர் ஒருவர் வந்தார். கையை அறுக்கலாமா, கூடாதா என்று பார்க்க வந்தவர், தன் சட்டைப்பையிலிருந்த ரயில் சீட்டை எடுத்துப் பையனின் தலைமுடிக்கும் வெண்கல விரல்களுக்கும் நடுவே செருகினார். சீட்டு இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது. மறுபடி செருகினார், மறுபடி வந்தது. அவர் சுகுமாரனைப் பார்த்துச் சிரித்து ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: கை அழுத்தவே இல்லை, தொடக்கூட இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம் அது, முட்டி போட்டவன் எழுந்த பிறகுதான் பெரிய மனிதர் கையை எடுப்பார், அதற்கு முன்னால் எடுத்தால் அவமரியாதை. அவர் இவன் எழட்டும் என்று காத்திருக்கிறார்.

ஆக, கையை எடுத்தால்தான் எழுவேன் என்று இவன் கீழே கிடந்தான், எழுந்தால்தான் எடுப்பேன் என்று அவர் மேலே நின்றார், இரண்டு மரியாதையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றன.

மௌலீஸ்வரனுக்கு ஆங்கிலம் புரியும். "சார், அப்ப நான் எந்திரிச்சரட்டுங்களா? முட்டி நெம்ப வலிக்குதுங்க," என்றான்.

சுகுமாரன் சுற்றும் முற்றும் பார்த்தார். "நீ பாட்டுக்கு எந்திரிச்சா தாளாளருக்கு யாரு பதில் சொல்றது? நான் போன் போட்டுக் கேக்கறேன். அதுவரைக்கும் இரு."

போன் போட்டார். சென்னியப்பன் அப்போது மாலை நடைப்பயிற்சியில் இருந்தார். விஷயம் முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கேட்ட ஒரே கேள்வி, "பின்னாடி நம்ம காலேஜ் பேரு தெரியற மாதிரி பேனர் கட்டிருக்கீங்களா?" என்பதுதான். பிளஸ் டூ தேர்வு முடிவு வருகிற காலம். பிள்ளைகளைச் சேர்க்கிற நேரத்தில் இப்படி ஒன்று மடியில் வந்து விழுந்தால் எந்தத் தாளாளர் எழுந்திருக்கச் சொல்வார்? அட்மிஷன் முடியட்டும் என்றார். பையனிடம் சுகுமாரன் அதை வேறு மாதிரிச் சொன்னார்: "ஐயா உன்னை நெனச்சுப் பெருமைப்படறாருப்பா. கொஞ்ச நாள் பொறுத்துக்கோ."

ஊரில் நடந்ததைச் சொல்லவே வாய் கூசுகிறது. காங்கேயம் ரவுண்டானாவிலிருந்து சென்னிமலை ரோடு வரைக்கும் பிளெக்ஸ் வைத்தார்கள். ஐரோப்பாவே ஆசி வழங்கிய ஒரே கல்லூரி என்று போட்டு, நடுவில் பூதாகாரமாகச் சென்னியப்பன் கும்பிட்டுக்கொண்டிருந்தார், மூலையில் தபால்தலை அளவுக்கு வெண்கல மனிதர் இருந்தார், மௌலீஸ்வரனின் முதுகு மட்டும் தெரிந்தது. எதிர்க் கல்லூரிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அடுத்த வருஷம் இரண்டு கையாலும் ஆசி வழங்குகிற ஊருக்குக் கூட்டிப் போவதாக நோட்டீஸ் அடித்தார்கள். வடக்கே தலைவைத்துக் குனிந்ததால்தான் கை இறங்கியது என்று ஒரு ஜோசியர் தொலைக்காட்சியில் சொன்னார். கூடப் போன பிள்ளைகளின் பெற்றோருக்கு வயிறு எரிந்தது. காசு கட்டினது நாங்க, ஆசி மட்டும் அவனுக்கா என்று போனில் கத்தினார்கள், அதனால் அந்தப் பிள்ளைகள் நகரமெங்கும் சிதறிப் போய், கண்ணில் பட்ட சிலையின் காலிலெல்லாம் விழுந்தார்கள். இசை மேதையின் காலில் விழுந்தார்கள், தளபதியின் குதிரைக் காலில் விழுந்தார்கள், துணிக்கடை வாசலில் நின்ற பிளாஸ்டிக் பொம்மையின் காலில் ஒருத்தன் விழுந்தான். எதுவும் குனியவில்லை. "உனக்கு விழக்கூடத் தெரியலையேடா, என்னத்தப் படிச்சு கிழிச்ச?" என்று ஒரு தகப்பன் கேட்டதை விடுதி முழுக்கக் கேட்டது.

பயணம் முடிந்து மற்றவர்கள் விமானம் ஏறினார்கள். கற்றதும் பெற்றதும் என்று ஆளுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தார்கள், எல்லாம் ஒரே கட்டுரை. சுகுமாரனும் பையனும் மட்டும் இருந்தார்கள். விசாக் காலம் முடிந்தபோது, இவன் பயணி இல்லை, சிலையின் ஒரு பகுதி என்று நகராட்சியே எழுதிக் கொடுத்து நீட்டித்தது.

மௌலீஸ்வரன் அந்த ஊரைப் பார்த்தது அவ்வளவுதான். ஐரோப்பாவுக்குப் போய் அவன் பார்த்தது ஒரு ஜோடி பூட்ஸ். வலது பூட்ஸின் கொக்கியில் பச்சைக் களிம்பு எப்படிப் படிந்திருந்தது என்பதை அவனைப் போல் அறிந்தவர் இல்லை. தொலைவில் மணியடிக்கும், கப்பல் வருகிறது, பாலம் எழுகிறது என்று தெரியும், தெரிந்து என்ன செய்ய. எழுந்து நாலு எட்டு வைத்து மூலை திரும்பினால் பாலம். யாரும் பிடித்து வைத்திருக்கவில்லை. தடுத்தது ஒரு ரயில் சீட்டின் கனம்கூட இல்லாத ஒரு கை, அப்புறம், எந்திரி என்று ஒரு வாய் சொல்லாததும். இருபது வயதுப் பையன், கை கால் நன்றாக இருக்கிறவன், தானே எழுந்துவிட்டால் என்ன என்று கேட்கிறீர்கள். அவன் எதையும் யாரையும் கேட்காமல் செய்தவன் இல்லை. அப்படித்தான் அவனை நல்ல பையன் என்று வளர்த்து வைத்திருந்தார்கள், அந்த நல்ல பையன் பட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட.

கடைசியில் சென்னியப்பனே கிளம்பி வந்தார். தனியாக வரவில்லை, சாந்தாமணியைப் பட்டுச் சேலை கட்டவைத்து, அவள் கழுத்தில் கல்லூரி அடையாள அட்டையை மாட்டிவிட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு வந்தார். தாயும் மகனும் சேர்ந்த படம் ஒன்று கிடைத்தால் அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்பது அவர் கணக்கு. சதுக்கத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அதே வழிகாட்டி இப்போது சிலையின் கதையில் பாதியை விட்டுவிட்டு மீதியை இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் பொன்னாடையை எடுத்துச் சிலைக்குப் போர்த்தப் பார்த்தார், எட்டவில்லை, பையனின் முதுகில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். அடுத்த வருஷம் ஜோடி ஜோடியாக விழவைக்கலாம், இடம் போதும் என்று சுகுமாரனிடம் சொன்னார்.

சாந்தாமணி மகனின் கால்களைத்தான் பார்த்தாள். பாதம் இரண்டும் வீங்கிக் கறுத்திருந்தன.

"கண்ணு," என்றாள். "சோறு திங்கறியா?"

"திங்கறேம்மா."

"ஏங்கய்யா, பையன் காலு இப்பிடி வீங்கிக் கெடக்குதுங்களே," என்று தாளாளரிடம் திரும்பினாள்.

"அதெல்லாம் ஆசீர்வாதம்மா. எத்தனை பேருக்குக் கிடைக்கும்?" என்ற சென்னியப்பன் கேமராக்காரனைத் தள்ளி நிற்கச் சொன்னார். "நீயும் அவன் பக்கத்துல விழு. இன்னொரு கை காலியாத்தான் இருக்குது. விழும்மா, வெளிச்சம் போயிரும்."

சாந்தாமணி யோசிக்கவில்லை. யோசித்துப் பழக்கமில்லாத விஷயம் அது. களத்துக்காரர் காலில், வங்கி மேலாளர் காலில், மகனுக்குக் கல்லூரியில் இடம் கேட்டு இதே சென்னியப்பன் காலில் என்று விழுந்து விழுந்து தேய்ந்த முட்டி அது, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையைத் தேடி இறங்கியது. வெண்கல மனிதரின் இடது கை மெல்ல முனகிக்கொண்டு அசைந்தது. கூட்டம் போன்களைத் தூக்கிப் பிடித்தது.

மௌலீஸ்வரன் அதுவரை பூட்ஸை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவன், பூட்ஸுக்குப் பக்கத்தில் அம்மாவின் முட்டி கல்லைத் தொடப் போவதைப் பார்த்தான். அவனுக்கு என்ன ஆனது என்று விளக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. தன் முட்டி தேய்ந்தால் பொறுத்துக்கொள்கிற பிள்ளைகள் சில பேருக்கு அம்மாவின் முட்டியைப் பார்த்தால் பொறுக்காது, அவ்வளவுதான். யாரையும் கேட்காமல் எழுந்தான். தள்ளாடினான், பூட்ஸைப் பிடித்துக்கொண்டான், நின்றான். பொன்னாடை வழுக்கித் தரையில் விழுந்தது. அம்மாவின் தோளைப் பிடித்து, "விழுகாதம்மா, எந்திரி," என்றான்.

யாகோப் ப்ரெஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். வாரக்கணக்காகக் காத்திருந்து அலுத்தவர் போல நிமிர்ந்து, முந்நூறு வருஷம் நின்ற மாதிரியே விறைத்து நின்றார்.

கூட்டம் ஐயோ என்றது. ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்திருந்த தகப்பன், இதற்காகவா நாங்கள் இவ்வளவு தூரம் வந்தோம் என்று அவன் மொழியில் திட்டினான். நகராட்சி அதிகாரி ஓடி வந்து, நீங்கள் மறுபடி முட்டி போட முடியுமா, நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டார். எல்லோரையும்விடச் சென்னியப்பனுக்குத்தான் ரத்தம் தலைக்கேறியது. "நன்றிகெட்ட நாயி, ஊருக்கு வா, உன் டிகிரிய நான் பாத்துக்கறேன்," என்று பல்லைக் கடித்தவர், கேமராக்கள் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு முகத்தைச் சாந்தமாக்கிக்கொண்டார். காலியாகிவிட்ட இடத்தை அப்படியே விட்டுவிடுகிறவர் இல்லை அவர். மூச்சு வாங்க, வயிறு இடிக்க, மெத்தையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து பூட்ஸ்களைப் பற்றினார்.

வெண்கலம் அசையவில்லை. வணிகருக்கு வணிகரைத் தெரியும்போல. கேமராக்காரன் காத்திருந்தான், சுகுமாரன் தொண்டையைச் செருமிப் பார்த்தார், சென்னியப்பன் தலையைத் தூக்காமலே, "வெச்சுட்டாரா? வெச்சுட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே கிடந்தார். சிலை கை வைக்காமல் இவர் எழுந்தால் அதைவிடக் கேவலம் வேறில்லை என்பதால் எழவும் வழியில்லை.

சாந்தாமணி பார்த்தது சிலையை அல்ல, மெத்தைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தாளாளரின் இரண்டு காலுறைகளை. அவர் எழுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். மகனின் பிடரியில் கையை வைத்தாள்.

"குனி கண்ணு. அய்யா கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. அவரு எந்திரிச்சார்னா நம்மள உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுவாரு. உன்ற படிப்பு போயிரும்டா."

"மாட்டேம்மா."

"குனிடா. இவ்வளவு நாளு கெடந்தியே, இன்னொரு நிமிசம்."

"உனக்காகத்தாம்மா எந்திரிச்சேன்."

"எனக்காகக் குனி."

அவள் அழுத்தினாள். தேங்காய் ஓட்டில் காய்த்துப்போன கை, இரண்டாள் வேலையைத் தனியாகச் செய்து மகனைப் படிக்கவைத்த கை, வெண்கலத்துக்கு இல்லாத கனம் அதற்கு இருந்தது. வீங்கிய முட்டி இரண்டும் மடங்கப் பார்த்தன. கூட்டத்திலிருந்த வழிகாட்டி இதைப் பார்த்துவிட்டு, அதோ பாருங்கள், அந்தத் தாய் தன் மகனை ஆசீர்வதிக்கிறாள் என்றாள், ஏமாற்றத்தோடு கலைந்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பி வந்து, நெகிழ்ந்துபோய்க் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள்.

கைதட்டலுக்கு நடுவே அவள் இன்னும் பலமாக அழுத்தினாள். மௌலீஸ்வரனுக்கு அழுகை வந்தது, வாய்விட்டு அழுதான். நின்றுகொண்டுதான் அழுதான்.